போத்தலுக்குச் சட்டையின் நிறம் தெரியாது

துரையப்பா விளையாட்டரங்கிலே மாலை ஆட்டம் முடிந்து வெளியேறுவோரின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? கண்ணெதிரே ஓடிக் களைத்த நம்மூர் இளைஞரைப் பற்றிய பேச்சு தேநீர்க் கடை வாசலோடு முடிந்துவிடும். அதன்பின் மான்செஸ்டர், மாட்ரிட், டூரின் என்று கடல் கடந்துவிடுவர் நம் அன்பர்கள். அதிலே குற்றமொன்றுமில்லை. உலகத்து நல்லாட்டம் எங்கிருப்பினும் சுவைக்கத் தெரிய வேண்டும். அந்தப் பேச்சிலே நீதி படும் பாடுதான் என்னைச் சினங்கொள்ளச் செய்கிறது.

2023 ஆகஸ்டில் யுவென்டஸ் கழகத்தின் ஆட்டமொன்றை அடுத்து நடந்த பரிசோதனையில் போல் பொக்பாவின் உடலில் டெஸ்டொஸ்தரோன் எனும் ஊக்கமருந்து கண்டறியப்பட்டது. அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய நாட்களை மறவாதவர்கள், "வைத்தியர் கொடுத்ததை விழுங்கிய அப்பாவி" என்றனர். மறுதரப்பினருக்கோ அவர் பிறவிக் கள்ளன். நான் பல்கலைக்கழக மாணவனாயிருந்த 2011 இலும் இதுவே நடந்தது. மான்செஸ்டர் சிற்றி வீரர் கோலோ தூரே, மனைவியின் உடல் மெலிவு மாத்திரையை விழுங்கியதாகக் கூறி ஆறு மாதத் தடை பெற்றார். அன்று விடுதியில் விழுந்து விழுந்து சிரித்த யுனைடெட் அன்பர்களே பின்னாளில் பொக்பாவுக்காகக் கண்ணீர் வடித்தனர். விழுங்கியது எது என்று கேட்பாரில்லை. விழுங்கியவன் எவன் என்பதே கேள்வி.

பரிசோதனையின் நடைமுறை எளியது. வீரனின் சிறுநீர் இரண்டு போத்தல்களிலே அடைக்கப்படுகிறது. போத்தலில் இருப்பது வெறும் இலக்கம், பெயரில்லை, கழகமில்லை. முதற் போத்தலில் மருந்து தென்பட்டால், இரண்டாவதையும் சோதிக்குமாறு கோர வீரனுக்கு உரிமையுண்டு. உடலில் இருப்பதற்கு அவனே பொறுப்பாளி. அறியாமல் உட்கொண்டான் என்பது தண்டனையைக் குறைக்கலாமேயன்றிக் குற்றத்தை அழிக்காது. போத்தலுக்குச் சட்டையின் நிறம் தெரியாது. தெரிந்ததெல்லாம் நம் அன்பர்களுக்குத்தான்.

ஆயின் போத்தல் திறக்கப்பட்ட பின்பு நடப்பது வேறு கதை. அங்கே பணம் பேசத் தொடங்குகிறது. பொக்பாவுக்கு விதித்த நான்காண்டுத் தடையை, 2024 ஒக்டோபரில் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் பதினெட்டு மாதங்களாகக் குறைத்தது. நம் நாட்டின் குசல் பெரேரா 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது திருப்பியழைக்கப்பட்டார். கட்டார் ஆய்வுகூடத்தின் முடிவு நிலைநிற்கவில்லை. 2016 மே மாதத்தில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. கிரிக்கெட் சபை பின்னே நின்றது, வெளிநாட்டு வழக்கறிஞரும் நிபுணரும் வாதாடினர், உண்மை வென்றது. இடையில் வந்த உலகக் கிண்ண இருபது ஓவர்ப் போட்டி போயே போயிற்று. குருநகரிலோ நாவாந்துறையிலோ இரவிலே தந்தையுடன் கடலுக்குப் போய், மாலையிலே மைதானத்துக்கு வரும் ஒரு பையனுக்கு இதே தவறு நேர்ந்திருந்தால் எந்த வழக்கறிஞர் வந்திருப்பார்? 1974 உலகக் கிண்ணத்தில், அப்போட்டிகளின் வரலாற்றிலேயே முதன்முதல் பிடிபட்டவர் ஏழை ஹெயிட்டி நாட்டின் எர்ன்ஸ்ட் ஜோன் ஜோசப். ஆஸ்துமாவுக்கு உண்ட மருந்து என்றார் அவர். சொந்த நாட்டு அதிகாரிகளே அவரை அடித்து இழுத்துச் சென்றனர்.

"அப்படியாயின் பரிசோதனையே வேண்டாம்" என்பர் சிலர். இதைவிடப் பேதைமை வேறில்லை. பரிசோதனை இல்லாத மைதானத்தில், ஓட்டத்தை விலைக்கு வாங்கக்கூடியவன் வெல்வான். வெறுங்காலோடு பழகியவன் தோற்பான், அல்லது அவனும் வாங்கி விழுங்கி நோயாளியாவான். நமக்கு வேண்டியது பரிசோதனையும், அதன் முன்னே ஏழை வீரனுக்கு அறிவும் துணையும்.

2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையமொன்று கொழும்பில் இயங்குகிறது. நம் கழகங்களில் எத்தனை பேருக்கு அதன் பெயராவது தெரியும்? மூலிகை மருந்தென்றால் தீங்கில்லை என்று நம்புகிறோம். 2011 இல் உபுல் தரங்க மூன்று மாதத் தடை பெற்றது, தோள் வலிக்கு உண்ட மூலிகை மருந்தினால்தான்.

சென்ற ஆண்டு ஓர் இறுதியாட்டத்துக்கு முதல் நாள் மாணவனொருவன் மாத்திரை அட்டையொன்றை நீட்டினான். "சேர், இது குடிக்கலாமோ? களைப்பு வராதாம் எண்டு கழகத்து அண்ணா தந்தவர்." அட்டையின் ஓரத்திலிருந்த சிற்றெழுத்துக்கள் எனக்கு விளங்கவில்லை. தொல்காப்பியச் சூத்திரமென்றால் விளக்கியிருப்பேன். "குடியாதே" என்று சொல்லி அனுப்பினேன். அட்டையை வாங்கி வைக்க வேண்டுமென்ற புத்தி வரவில்லை. மறுநாள் அவன் ஓடிய ஓட்டம்! நாங்கள் வென்றோம். வெடி கொளுத்தினார்கள், நானும் கைதட்டினேன். அவன் அதை விழுங்கினானா என்று நான் கேட்கவில்லை. தோற்றிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

அடுத்த பருவத்தில் சட்டை வழங்குமுன், ஒவ்வொரு கழகமும் ஒரு மாலையை ஒதுக்கட்டும். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையிலிருந்து ஒரு வைத்தியரை அழைத்து, ஆண்டுதோறும் ஜனவரியில் புதுப்பிக்கப்படும் தடைப்பட்டியலைத் தமிழிலே விளக்கச் சொல்லட்டும். மாத்திரை கொடுக்கும் அண்ணன்மார் முன்வரிசையில் அமரட்டும். பொக்பாவுக்காக நள்ளிரவு வரை வாதாடத் தெம்புள்ளவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காதா?