ஜெயித்தது என்ஜினா, புத்தகமா?

இரண்டு செஸ் என்ஜின்களை இரவு முழுக்க மோதவிட்டு, காலையில் எழுந்ததும் "என் செட்டிங்கில் 70-30" என்று மார்தட்டும் மகானுபாவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஜெயித்தது என்ஜினா, அதற்கு மாட்டிவிட்ட ஓப்பனிங் புக்கா?

ஓப்பனிங் புக் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இந்த நிலை வந்தால் இந்தக் காயை இங்கே நகர்த்து என்று முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு. அதற்குள் இருக்கும்வரை என்ஜின் யோசிப்பதில்லை. கோனார் நோட்ஸைப் பார்த்து எழுதுகிற மாதிரிதான். பாலிகிளாட் வகைப் புத்தகத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 'வெயிட்' என்று ஓர் எண் உண்டு. ஒரே நிலையில் இரண்டு நகர்த்தல்களுக்கு 90, 10 என்று இருந்தால், முதலாவது பத்துக்கு ஒன்பது தடவை வரும்.

வில்லங்கம் இங்கேதான். எதிராளி என்ஜின் எந்த வரிசையில் திணறுகிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் வெயிட்டை ஏற்றி, மற்றதைப் பூஜ்ஜியமாக்கி, ஆழத்தை 30 நகர்த்தல் வரை நீட்டிவிட்டால் போதும். புத்தகம் முடியும்போது ஆட்டமும் பாதி முடிந்திருக்கும். எதிராளியின் புத்தகத்திலும் வகை குறைவு என்றால் அதே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும், அதே வெற்றியோடு! 1990களில் ஸ்வீடனின் எஸ்.எஸ்.டி.எஃப். தரப்பட்டியலைச் சுற்றி இந்த 'கில்லர் புக்' தகராறு நடந்தது. தோற்ற வரிசையைத் தானாகவே தவிர்க்கும் 'புக் லேர்னிங்' இந்தத் திருட்டுக்குப் போட்ட பூட்டு. பூட்டு வந்ததே தவிர, ஆசை போகவில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1997 மே 11, நியூயார்க். ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் காரோ-கான் ஆடி, ஏழாவது நகர்த்தலில் சிப்பாயை எச்6-க்குத் தள்ளினார். டீப் ப்ளூ உடனே இ6-ல் குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்த்தலில் கதை முடிந்தது. இயந்திரத்தின் துணிச்சலைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் அந்தப் பலி புத்தகத்தில் இருந்தது. அன்று காலையில்தான் அதைச் சேர்த்ததாக, புத்தக வேலையில் இருந்த கிராண்ட்மாஸ்டர் மிகுவேல் இலெஸ்காஸ் 2009-ல் சொன்னார். அதற்குப் பிறகு இயந்திரம் பிரமாதமாகத்தான் ஆடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் பேர் வாங்கிய அந்த ஒரு நகர்த்தல் மனிதர்களுடையது.

2006-ல் பான் நகரில் கிராம்னிக் கேட்ட விதி நியாயமானது. டீப் ஃபிரிட்ஸ் புத்தகத்திலிருந்து ஆடும்வரை, அந்தப் புத்தகத்தின் திரை, வெயிட் உட்பட, அவருக்கும் தெரிய வேண்டும். (அப்படியும் 2-4 என்று தோற்றார், அது வேறு விஷயம்.)

"மனிதன் மட்டும் மனப்பாடம் செய்யவில்லையா?" என்று கிளம்புவார்கள். செய்கிறான், தன் மண்டையில். மறந்தும் போகிறான். புத்தகம் தயாரிப்பது பெரிய வித்தைதான். ரிப்காவுக்குப் புத்தகம் செய்த ஜெரோன் நூமனை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அப்படியானால் அந்தப் புள்ளிகளை அவர் கணக்கில் எழுதுங்கள் சார்! கடனாக வந்த பணத்தை விற்பனை வருமானம் என்று காட்டினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

இதில் நஷ்டப்படுவது யார்? பட்டியலைப் பார்த்து, தன் ஆட்டங்களை அலசுவதற்காக ஒரு என்ஜினை இறக்கிக்கொள்ளும் பள்ளிக்கூடப் பையன். அவனுக்குச் சந்தேகம் வருவது 25-வது நகர்த்தலில். அங்கே எந்தப் புத்தகமும் கைகொடுக்காது. அடுத்தது, ராத்திரி கண்விழித்துத் தனியாக என்ஜின் எழுதும் ஆள். அவருடைய நிரல் நன்றாக யோசித்தும், அடுத்தவருடைய கோப்பிடம் தோற்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் எப்போதோ திருந்திவிட்டார்கள். சி.சி.ஆர்.எல். பட்டியலில் 12 நகர்த்தலுக்கு மேல் போகாத பொதுப் புத்தகம்தான். டி.சி.இ.சி. போட்டியில் தொடக்கத்தை நடத்துகிறவர்களே கொடுத்து, இரண்டு என்ஜின்களையும் இரண்டு பக்கமும் ஆட வைக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷ் தன் புத்தக வசதியையே தூக்கி எறிந்துவிட்டது.

வீட்டில் சோதிப்பவர்களுக்கு மட்டும் என்ன தடை? இரண்டுக்கும் ஒரே புத்தகம், எட்டு நகர்த்தல் போதும். லேர்னிங்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவிட வேண்டும். முடிவைச் சொல்லும்போது எந்தப் புத்தகம், எத்தனை ஆழம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.