கரியை எண்ணுகிறவர்கள் சாதியை ஏன் எண்ணவில்லை?

போன மாசம் எங்கள் கிளைக்கு ஒரு காண்டிராக்டர் முப்பத்தாறு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தார். எல்லாருக்கும் சம்பளக் கணக்கு திறக்கணும். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பெரிய கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ளுகிறவர்கள். கவுண்டரில் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்த்தேன். முகவரிக் கட்டத்தைப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. அம்பேத்கர் நகர், காலனி, கிழக்குக் காலனி, புதுக்காலனி. ஊர்த்தெரு என்று ஒன்றுகூட இல்லை. ‘காலனி’ என்கிற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவோம் என்று 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். அந்தத் தெருவிலிருந்து கிளம்புகிற ஆள் எந்த வேலையில் போய் விழுகிறார் என்பது மாறணுமே.

ஒரு அம்மா கைநாட்டு வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். “அங்க எந்தப் பக்கம்?” அதையும் சொன்னேன். “அட, நம்ம புள்ள” என்று சிரித்தார். ரெண்டே கேள்வியில் அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். காண்டிராக்டருக்குத் தெரியும், அதனால்தான் அந்தத் தெருக்களுக்கே வேன் அனுப்புகிறார். எனக்கும் தெரியும். தெரியாதது கம்பெனிக்கு மட்டும்தான்.

தெரியாது என்று நான் சொல்லவில்லை, அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. அன்று ராத்திரி அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். அதில் பாதிக்கு மேல் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2012இல் முதல் நூறு கம்பெனிகளிடம் கேட்க ஆரம்பித்தது. 2021இல் படிவத்தை விரிவாக்கியது. 2022-23 நிதியாண்டு முதல் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் பெரிய ஆயிரத்துக்கும் அது கட்டாயம்.

அந்தப் படிவத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் எடுத்தாய், எத்தனை டன் கரியமில வாயு விட்டாய், கழிவு எத்தனை டன், அதில் எவ்வளவு மறுசுழற்சி என்றெல்லாம் கேட்கிறது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமில்லாதவர் எத்தனை, அதில் ஆண், பெண் எத்தனை, மாற்றுத் திறனாளிகள் எத்தனை, இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை என்று கேட்கிறது. இதெல்லாம் கேட்க வேண்டியதே. ஆனால் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. சேறு எத்தனை டன் என்று இருக்கிறது. அள்ளியவர் யார் என்று இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தேன். ‘நலிந்த, விளிம்புநிலைப் பிரிவினர்’ என்கிற சொல் ஓரிடத்தில் தட்டுப்பட்டது. சமூகப் பொறுப்புத் திட்டங்களில், அதாவது இலவச நோட்டு, மருத்துவ முகாம் போன்றவற்றில், பயனடைந்தவர்களில் எத்தனை சதவீதம் அப்படிப்பட்டவர்கள் என்று ஒரு கேள்வி. அதற்கு மட்டும் கம்பெனி சுறுசுறுப்பாக எண்ணிக்கை கொடுத்திருக்கிறது. ஆக, கை நீட்டி வாங்குகிறபோது நம்மை எண்ண அவர்களுக்குத் தெரிகிறது. சம்பளம் வாங்குகிறபோது, பதவி உயர்வுக்கு நிற்கிறபோது, இயக்குநர் நாற்காலிப் பக்கம் வருகிறபோது எண்ணத் தெரியாமல் போகிறது. இதை மறதி என்று நம்பச் சொல்கிறீர்களா?

கம்பெனிகள் எண்ணாததை ஆய்வாளர்கள் குடும்பப் பெயர்களை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். 2012இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வந்த ஓர் ஆய்வு, ஆயிரம் பெரிய கம்பெனிகளின் 9,052 இயக்குநர்களை எடுத்துக்கொண்டது. சுமார் 93 சதவீதம் மேல்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி ரெண்டும் சேர்த்தே 3.5 சதவீதம். அதே இதழில் 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் எழுதினார்கள். ஒரே தகுதியோடு வேறு வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். மேல்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்குதான் தலித் பெயருக்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. பெயரைப் பார்த்துக் கழிக்கத் தெரிந்தவர்களுக்குக் கூட்டத் தெரியாதா?

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தோல் எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கும். கழிவுக்குப் பக்கத்தில் யாரைப் படுக்க வைக்கிறோம் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

“ஆபீசில் போய் சாதி கேட்பது அநாகரிகம் இல்லையா?” என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். படித்தவர், நல்லவர். அவருக்கு என் கதையைத்தான் சொன்னேன். எங்கள் வங்கியில் ரோஸ்டர் பதிவேடு உண்டு. எந்த இடம் யாருக்கு என்று அதில் வரிசை இருக்கும். அந்த வரிசையில் என் பெயரும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் முதுகுக்குப் பின்னால் ‘கோட்டா’ என்று சொன்னார்கள். வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தப் பதிவேடு இல்லையென்றால் நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் கைநாட்டு வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அநாகரிகம் பதிவேட்டில் இல்லை, முதுகுக்குப் பின்னால் பேசிய வாயில் இருக்கிறது.

வெளிநாட்டில் இதைச் செய்யவில்லையா? அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1966 முதல் பெரிய முதலாளிகள் தங்கள் ஊழியர்களின் இன வாரியான எண்ணிக்கையை அரசுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1977இல் லியோன் சல்லிவன் என்கிற கறுப்பினப் பாதிரியார், தென்னாப்பிரிக்காவில் இருந்த அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நிறவெறிக்கு எதிரான விதிகளை எழுதினார். கையெழுத்திட்ட கம்பெனிகள் வருசா வருசம் அறிக்கை தரணும், மதிப்பெண் போடப்படும். அந்த வழியில் தெற்காசியாவுக்கென்று ‘அம்பேத்கர் கோட்பாடுகள்’ என்ற பெயரில் 2004இல் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு விதிகள் வகுத்துக் கொடுத்தது. நம்ம கம்பெனிகளில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள்?

சல்லிவன் கதையில் இன்னொரு பாதி உண்டு. பத்து வருசம் அளந்து பார்த்துவிட்டு 1987இல் அவரே சொன்னார், இது போதாது, கம்பெனிகள் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறணும் என்று. அளவுகோல் விடுதலை தந்துவிடாது. ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு, பளபளப்புத் தாளில் நம்ம பிள்ளைகளின் போட்டோவைப் போட்டுக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். தெரியும். ஆனால் போதாது என்று சொல்வதற்கும் கையில் ஒரு எண் வேணுமே தோழர்களே. எண் இல்லாதவரை “எங்களிடம் சாதியே கிடையாது” என்று அவன் சொல்வான். நாம் வயிற்றில் அடித்துக்கொண்டு நிற்போம்.

ஆகவே கேட்போம். நிலைத்தன்மை அறிக்கையில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டும். விருப்பப்பட்டுத் தாங்களே சொல்வதாக, பெயர் வெளிவராமல், மொத்த எண்ணிக்கையாக மட்டும். நிரந்தரம், காண்டிராக்ட், மேலாளர், இயக்குநர் என்று தட்டுத் தட்டாக. காண்டிராக்ட் ஆளை விட்டுவிட்டு எண்ணுகிற எண்ணிக்கை நமக்கு வேண்டாம், ஏனென்றால் நம்ம சனங்க பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

வணிகவியல் படிக்கிற, பொறியியல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த அறிக்கைகள் எல்லாம் பொது ஆவணங்கள், காசு கொடுக்காமல் படிக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கம்பெனியின் அறிக்கையை எடுங்கள். ‘பாகுபாடு பற்றிய புகார்கள்’ என்கிற வரியில் பூஜ்யம் போட்டிருக்கிறதா பாருங்கள். பிறகு கேட்டுக்கு வெளியே ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் பேசுங்கள். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றே ஒன்று வாங்குங்கள். பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க அது போதும்.

என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டாம். அந்த அம்மா என்னிடம் கேட்ட ரெண்டு கேள்விதான். உங்க கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் எந்த ஊர்? அங்கே எந்தப் பக்கம்?