மின்கித்தாருக்கு அசைவுக் கைபிடி

தம் சிறிய தந்தையார் விட்டுச் சென்ற உட்கூடான மின்கித்தார் ஒன்றுக்குப் பிக்ஸ்பி அசைவுக் கருவியைத் தாமே பூட்டலாமா என மாணவர் ஒருவர் எம்மைக் கேட்டிருக்கிறார். பூட்டலாம். ஆயின் கடையிற் கிடைக்கும் எல்லா வகையும் அந்தக் கித்தாருக்கு ஒவ்வா. துறப்பணம் துளைத்த பின்னர் வருந்திப் பயனில்லையாதலின், வாங்குமுன்னரே சிலவற்றைச் சொல்லிவிடுகின்றோம்.

கித்தாரின் தந்திகள் அடிமுனையில் டெயில்பீஸ் எனப்படும் உலோகத் துண்டில் மாட்டப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக வரும் பிக்ஸ்பியில் உருளக்கூடிய தண்டு ஒன்று உண்டு. அதனோடு இணைந்தது கைபிடி. கைபிடியின் கீழே குட்டையான சுருள்வில். கைபிடியை அழுத்தினால் தண்டு சற்றே உருள, ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து சுரம் இறங்குகின்றது. கையை எடுத்தால் வில் மீண்டும் நிமிர்த்துகின்றது. வீணையில் தந்தியை விரலால் இழுத்து அசைப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு அசைவு புதிதன்று. சேர்ந்தொலிக்கும் சுரங்கள் யாவும் ஒருசேர அசைவதுதான் புதிது. அசைவும் பெரிதன்று, அரைச் சுரம், மிஞ்சினால் ஒரு சுரம்.

இதனை ஆக்கிய போல் பிக்ஸ்பி, கலிபோர்னியாவில் டௌனி என்னும் ஊரினர். மோட்டார் சைக்கிள் தொழிலிற் கைதேர்ந்தவர். மேர்ல் ட்ராவிஸ் என்னும் இசைஞர் தமது கிப்சன் கித்தாரிலிருந்த கோஃப்மன் கருவி ஓயாது சுருதி கலைக்கின்றதென்று அவரிடம் கொண்டுவந்தார். பழையதைத் திருத்தப் புகுந்த பிக்ஸ்பி, ஈற்றில் அலுமினிய வார்ப்பாற் புதியதொன்றையே செய்து கொடுத்தார். 1966இல் தொழிலை டெட் மக்கார்ட்டிக்கு விற்று, 1968இல் அவர் காலமானார். கருவியின் அமைப்போ இன்றும் பெரிதும் மாறவில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லவேண்டும். சுரம் ஏறி இறங்குவது வைப்ராட்டோ. ஒலியின் உரப்புக் கூடிக் குறைவது ட்ரெமொலோ. 1954இல் ஃபெண்டர் நிறுவனத்தார் சுரத்தை அசைக்கும் தமது கருவிக்கு ட்ரெமொலோ என்று பெயர் சூட்டினார்கள். அப்பெயர் நிலைத்தும் விட்டது.

இனி வகைக்கு வருவோம். பி7 என்னும் வகையைக் கித்தாரின் மேற்பலகையிலும் திருகாணியிட்டு இறுக்குவார்கள். நடுவே மரக்கட்டை வைத்த அரைக்கூட்டுக் கித்தாருக்கு அது பொருந்தும். முழுதும் கூடான கித்தாரிலோ ஆணி பற்றுவதற்கு மெல்லிய பலகையைத் தவிர வேறொன்றுமில்லை. அதிர்ந்து ஒலி தருவதும் அப்பலகையேயாகும். ஆகவே வால் முனையில் மட்டும் பூட்டும் பி6 வகையையே கொள்க. கூடு ஆழங் குறைந்ததாயின் பி3 பொருந்தும். முனையின் உள்ளே மரக்கட்டை ஒன்றிருக்கும். ஆணிகள் அதனுட் செல்கின்றன.

தந்திகளைக் கழற்றுமுன் குதிரை நிற்குமிடத்தைக் காகித நாடா ஒட்டிக் குறித்துக்கொள்க. இவ்வகைக் கித்தார் பலவற்றில் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்தியின் அழுத்தமே அதனை நிறுத்துகின்றது. தந்தி போனால் குதிரையும் இடம்பெயரும். பின்னர் நூல் இரண்டை எடுத்து, கழுத்தின் தலைப்பக்கத்து எலும்புத் துண்டின் ஓரப் பள்ளங்கள் இரண்டிலிருந்து, குதிரையின் ஓரப் பள்ளங்கள் வழியே வால் வரை இழுத்து ஒட்டுக. கருவியின் தண்டு இரு நூல்களுக்கும் நடுவே அமையுமாறு வைத்துக் குறியிடுக. பலகை பொருத்திய கோட்டை நம்பவேண்டா. கழுத்து அக்கோட்டுக்கு நேராக இல்லாத கித்தார்கள் உண்டு. ஆணியிலும் சிறிய துளையிட்டு, ஆணியின் புரியிற் சவர்க்காரம் தடவித் திருகினால் மரம் வெடியாது. பழைய டெயில்பீஸின் அடியில் மெல்லிய கம்பி ஒன்று காணப்படின் அது நிலத்தொடுப்பு. புதிய உலோகத்தையும் அது தொடவேண்டும். மறந்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும்.

தந்தி மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். தந்தியின் முனையிலுள்ள வளையம் தண்டிலுள்ள முளையிலிருந்து நழுவிக்கொண்டேயிருக்கும். முனையை முன்கூட்டியே வளைத்து, மடித்த துணியைத் தண்டின் கீழ்ச் செருகிப் பிடித்துக்கொண்டு பிரடையை முறுக்கினால் நிற்கும்.

எல்லாம் முடிந்தும் சுருதி கலைந்தால் உடனே பிக்ஸ்பியைப் பழிப்பார் பலர். பெரும்பாலும் குற்றம் தலைப்பக்கத்துப் பள்ளங்களிலேதான். பிரடையைத் திருகும்போது ‘டிக்’ என்ற ஓசை கேட்டால் பள்ளம் தந்தியை இறுக்குகின்றதென்று அறிக. பென்சிற் கரியைப் பள்ளத்திற் பூசினால் வழுக்கும். குதிரையும் இடம்பெயர்ந்திருக்கலாம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டிய சுரமும், அம்மெட்டில் அழுத்தி மீட்டிய சுரமும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்துக. அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் வாலை நோக்கி. தாழ்ந்திருந்தால் கழுத்தை நோக்கி. புதுத் தந்திகள் முதற் சில நாட்களுக்கு நீண்டுகொண்டேயிருக்கும். அதுவரை வில்லையோ பள்ளத்தையோ மேலும் தொடவேண்டா.