மனத்தேர்வுக்கு மனப்பாடமா?

தேர்வு என்ற சொல் காதில் விழுந்தவுடன் விடைகளை உருப்போடத் தொடங்குவது தமிழ்ச் சமுதாயத்தின் பழக்கமாகிவிட்டது. பள்ளித் தேர்வுக்கே அது தகாத வழி என்பதை நல்லாசிரியர் அறிவர். அவ்வாறிருக்க, உயிரோடு தொடர்புடைய ஒரு மதிப்பீட்டுக்கும் அவ்வழியையே நாடுவது பேதைமையன்றோ? உடல் எடையைக் குறைக்கும் அறுவை மருத்துவத்திற்கு முன் நடைபெறும் உளவியல் மதிப்பீட்டில் அந்தப் பேதைமைதான் தலைகாட்டுகின்றது.

ஸ்கூடாயைச் சூழ்ந்து ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ரினித் தோட்டம் இருந்த இடத்தில் இன்று முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதி நிற்கின்றது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வாளி சுமந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அலுவலகத்தில் அமர்ந்தும், சிங்கப்பூர் செல்லும் சாலையில் வண்டிக்குள் காத்திருந்தும் பொழுதைக் கழிக்கின்றனர். உழைப்பு மாறிய அளவுக்கு உணவு மாறவில்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உடன் வரும்போது, சிலருக்கு மருத்துவர் அறுவையைப் பரிந்துரைக்கின்றனர்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைப்பது மற்றொரு முறை. இரண்டும் வயிற்றை மாற்றுமேயன்றி, துயரம் வந்தால் உணவைத் தேடும் மனத்தை மாற்றா. ஆகவேதான் 1991இலேயே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கூடிய அறிஞர் குழு, அறுவை மருத்துவரோடு மனநல வல்லுநரும் ஊட்டச்சத்து வல்லுநரும் நோயாளரை ஆராய வேண்டுமென்று வலியுறுத்தியது.

உறவினர் கூறும் அறிவுரையோ வேறு. “குடிப்பதில்லை என்று சொல், கவலையே இல்லை என்று சொல், அளவோடுதான் உண்கிறேன் என்று சொல்” எனப் பாடம் கற்பிக்கின்றனர். இந்தப் பொய்களின் விலையை அவர்கள் அறியார். குடல் மாற்றிணைப்புக்குப் பின் மது விரைந்து இரத்தத்தில் கலக்கும். அவ்வறுவை செய்துகொண்டோரிடையே இரண்டாம் ஆண்டில் குடிநோய் மிகுந்ததை 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 8,815 பேரை ஆராய்ந்தவர்கள், தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வரும் நிகழ்ச்சிகள் அறுவைக்குப் பின் கூடியதைக் கண்டனர். கள்ளும் சம்சுவும் குடும்பங்களைக் குலைத்த வரலாற்றைச் சுமக்கும் சமுதாயம் இதனை எளிதாக எண்ணலாகுமா?

பொய்யின் வேர் அச்சத்தில் உள்ளது. மனநல மருத்துவரைக் காண்பவர் பைத்தியம் என்று ஊர் பேசும் என்ற அச்சம் அது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவையே மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. சட்டமே கைவிட்ட பழியைச் சமுதாயம் இன்னும் ஏன் சுமத்த வேண்டும்? உண்மையைக் கூறினால் அறுவை மறுக்கப்படும் என்ற கலக்கமும் பெரும்பாலும் வீணே. பலருக்கு ஒப்புதல் கிடைக்கின்றது. சிலருக்கு மனச்சோர்வோ, கட்டுப்பாடின்றி உண்ணும் நோயோ முதலில் குணப்படுத்தப்படும் வரை நாள் தள்ளிவைக்கப்படுகின்றது. அடியோடு மறுக்கப்படுவோர் மிகச் சிலரே. தள்ளிவைப்பதும் மருத்துவமே, தண்டனையன்று.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளர் தம் மனத்துயரை எந்த மொழியில் உணர்கின்றாரோ, அந்த மொழியில் அவரைக் கேட்க வேண்டும். “மனசு சரியில்லை” என்று தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு தாயிடம் வேற்றுமொழிப் படிவத்தை நீட்டி, கட்டங்களில் குறியிடச் சொன்னால் கிடைப்பது அவருடைய மனமா, குறிகளா? உடன் வந்த மகனோ மகளோ மொழிபெயர்த்தால், அவர்களிடமே மறைத்த துயரத்தை அத்தாய் எவ்வாறு வெளியிடுவார்?

ஆயத்தம் வேண்டும், ஆனால் அது மனப்பாடமாக இருத்தல் கூடாது. சில வாரங்கள் உண்டதையும், உண்டபோது இருந்த மனநிலையையும் ஏட்டில் எழுதி வைக்கலாம். உட்கொள்ளும் மருந்துகள், முன்பு எடை குறைக்க முயன்று தோற்ற வழிகள், குடி, புகை, உறக்கம், பழைய துயரங்கள் ஆகியவற்றை ஒளிவின்றிக் குறித்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரை உட்கொள்ளவும், சிறிது சிறிதாக மென்று உண்ணவும், தவறாமல் மருத்துவரைக் காணவும் இயலுமா என்று வீட்டாரோடு கலந்து பேசலாம்.

உள்ளத்தில் உள்ளதைச் சொல்லாக்கும் ஆற்றலை வளர்ப்பது மொழிக்கல்வியின் பயன். கட்டுரை ஏட்டிலும் பிறர் எழுதித் தந்த உணர்ச்சிகளை ஒப்பிக்கும் மாணவன், நாளை மருத்துவர்முன் அமரும்போது தன் துயருக்குச் சொல்லின்றித் தவிப்பான். தமிழாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழகிய பொய்யை விடத் தட்டுத்தடுமாறிய உண்மைக்கு வகுப்பறையில் மதிப்பெண் கூடட்டும். உண்மை பேசப் பழகிய தலைமுறைக்கு எந்த மருத்துவரின் வினாவும் அச்சம் தராது.