மாகனும் நுளம்பும் குளத்து மண்ணும்

சில மாதங்களுக்கு முன்னர், புலம்பெயர் நாடொன்றில் நம்மவர் கூடியிருந்த சிறிய மண்டபமொன்றில் மாந்தை அகழ்வைப் பற்றிப் பேசினேன். 2009-2010 காலத்தில் அங்கே தோண்டியெடுக்கப்பட்ட மண்ணிலிருந்து கரிந்த நெல்மணிகளும் சில மிளகுகளும் ஒரேயொரு கிராம்பும் கிடைத்தன. கிராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அக்காலத்தில் கிராம்பு மரம் இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள மலுக்குத் தீவுகளிலே மாத்திரம் வளர்ந்தது. அந்தச் சிறு மொட்டு மன்னார்க் கரைக்கு வந்துசேரக் கடந்த கடல்வழி ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "எல்லாம் சரி, அந்தக் கிராம்பைத் தின்றவன் தமிழனா, சிங்களவனா?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தீவில் வரலாறு என்ற பெயரில் நடப்பதனைத்தும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறதே என்ற கவலைதான் வந்தது.

இக்கேள்வியின் மிகப் பெரிய அறுவடை இராசரட்டையின் வீழ்ச்சி பற்றிய கதையாகும். சூளவம்சம் அதை நமக்கு எழுதி வைத்திருக்கிறது. 1215இல் கலிங்க மாகன் பெரும்படையோடு வந்திறங்கினான், பொலநறுவையைச் சூறையாடினான், குளங்கள் உடைந்தன, மக்கள் தென்மேற்கே ஓடினார்கள். ஒரு பிக்கு எழுதிய இப்புலம்பலைப் பாடநூல்களும் மேடைகளும் அப்படியே விழுங்கிக்கொண்டன. அழிந்த நாகரிகத்தை மீட்டெடுக்கிறோம் என்ற முழக்கம் 1949இன் கல்லோயாத் திட்டத்தையும் 1977இன் துரித மகாவலித் திட்டத்தையும் எவ்வாறு தூக்கிச் சுமந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கதையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் இல்லாமலில்லை. 1921இலேயே லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் மலேரியாவைச் சுட்டிக்காட்டினார். 1957இல் றோட்ஸ் மேர்பி என்ற புவியியலாளர் பழைய இலங்கையின் அழிவு குறித்து எழுதியபோது, படையெடுப்பைப் பல காரணங்களுள் ஒன்றாகவே வைத்தார். 1959இல் மானிடவியலாளர் எட்மண்ட் லீச், கிராமத்துக் குளத்தைப் பேண அரசனோ அதிகாரியோ தேவையில்லை, ஊரே போதும் என்று வாதிட்டார். 1971இல் நமது கா. இந்திரபாலா பதிப்பித்த தொகுப்பு இவ்விவாதத்தைப் பேராதனையில் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது. வரலாற்றாசிரியனும் மருத்துவனும் புவியியலாளனும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு நாடு பற்றியெரிந்தது. மேசையும் எரிந்துபோயிற்று.

மலேரியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதை ஒரு துணைக் காரணமாகப் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டு நகர்வதே வழக்கமாகிவிட்டது. இங்கே நோயைப் பரப்பிய நுளம்பு, வற்றும் ஆற்றின் படுகையில் தேங்கும் தெளிந்த குட்டைகளில் முட்டையிடுவது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அதனைத் தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கடுமையாக அடிபட்டது ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்து பழகிய உலர்வலயமன்று. அதற்கு வெளியே, எதிர்ப்புச் சக்தியற்றிருந்த மக்களே. மழை, ஆறு, நுளம்பு, குருதி என்ற இச்சங்கிலியில் அரசன் எங்கே வருகிறான்? உடைந்து கவனிப்பாரற்றுக் கிடக்கும் குளத்தடியும் இதேபோன்ற குட்டைதான் என்பதை எண்ணிப் பாருங்கள். படையெடுப்பு குளத்தை உடைத்திருக்கலாம். ஆனால் உடைந்த குளம் ஏன் மீண்டும் கட்டப்படவில்லை என்பதைச் சூளவம்சம் சொல்லாது.

குளத்து மண் சொல்லும். அனுராதபுரத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் 2005 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆய்வில், குளக்கட்டுகளையும் வண்டல்களையும் வெட்டி, மண்ணை மெல்லிய தகடாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். மண்மணிகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதை அளந்து காலம் கணித்தார்கள். 2013இல் முடிவு வெளியாயிற்று. அங்கே குளங்கள் கி.மு. 400க்கும் 200க்கும் இடையில் தோன்றத் தொடங்கின, கி.பி. 1100க்கும் 1200க்கும் இடையில் பெரும்பாலும் கைவிடப்பட்டன. 1200! மாகன் வந்திறங்கியது 1215இல். அதைவிட வியப்பு, பொலநறுவையில் பராக்கிரமபாகு பெருங்குளம் கட்டியதும் அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் என்பது. ஓரிடத்தில் பேரரசனின் சமுத்திரம் நிரம்பிக்கொண்டிருக்க, இன்னோரிடத்தில் ஊர்க் குளங்கள் தூர்ந்துகொண்டிருந்தன. குளங்கள் போன பின்னரும் நிலம் வெறுமையாகிவிடவில்லை. சிறு அளவிலான பயிர்ச்செய்கையோடு மனிதர் அங்கே வாழ்ந்திருக்கின்றனர். 'வெறிச்சோடிய காடு' என்ற படிமமும் இதனால் ஆட்டங்காண்கிறது.

இதைக் கேட்டு நம்மவர் கைதட்ட அவசரப்பட வேண்டாம். மாகனுக்குக் கிடைத்த விடுதலை சோழருக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசனின் படை அனுராதபுரத்தைத் தாக்கியது. தலைநகர் பொலநறுவைக்குப் போயிற்று. அந்த அதிர்ச்சிக்கும் பின்னர் வந்த கைவிடலுக்கும் தொடர்பு இருந்திருக்கலாம். ஒரு வட்டாரத்து மண்ணின் சாட்சியம் தீவு முழுவதற்கும் பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. ஒற்றைக் காரணம் தேடுகிறவன் வரலாற்றாசிரியனல்லன், வழக்கறிஞன் என்பதே என் வாதம். நமது பக்கத்திலும் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனைக்கோட்டை என்றதும் முத்திரையின் எழுத்துகளைச் சொல்வார்கள். வற்றாத ஆறே இல்லாத ஒரு தீபகற்பத்தில் அம்மனிதர் எந்தக் கிணற்று நீரைக் குடித்து, எதை விதைத்து, எந்தக் கடலுணவை உண்டு வாழ்ந்தனர் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கீழடி என்றால் ஆண்டுக்கணக்கு மாத்திரம் போதும். அங்கே கிடைத்த மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் அம்மக்களின் உழவையும் உணவையும் பற்றிச் சொல்வதைக் கேட்க எத்தனைபேருக்குப் பொறுமை இருக்கிறது?

நான் கலைப்பீடத்து மாணவன். விஞ்ஞானபீடம் நூறு யார் தூரத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒருநாளேனும் அந்த வாசலை மிதித்ததில்லை. மிதிக்கும்படி எவரும் சொன்னதுமில்லை. மகரந்தத்தைக் கொண்டு ஹோட்டன் சமவெளியின் பல்லாயிரம் ஆண்டு மழை வரலாற்றை எழுத முடியும் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகே அறிந்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். கல்வெட்டு வேண்டாமென்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கல்வெட்டைப் பொறிக்கப் பணம் படைத்தவன் வேண்டும்; கரிந்த நெல்லைப் பானையடியில் விட்டுச்செல்ல ஓர் ஏழைப் பெண்ணின் கவனப்பிசகு போதும். அவளுக்கும் வரலாற்றில் இடமுண்டு என்று நம்புகிறவர்களே மண்ணைச் சலிப்பார்கள்.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தபோது அகழ்வு நடந்த இடமொன்றைப் பார்க்க வாய்த்தது. இடத்தின் பெயர் வேண்டாம். ஓடுகள் கவனமாக இலக்கமிடப்பட்டுப் பைகளில் இருந்தன. பக்கத்தில், அடுப்புச் சாம்பல் கலந்த கறுப்பு மண் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. நீரில் கரைத்தால் கரிந்த விதைகள் மேலே மிதந்து வரும் மண் அது. இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நின்றிருந்த இளைஞரிடம் கேட்டேன்.

"அதில் எழுத்து ஒன்றும் இல்லை ஐயா, குழி மூடத்தான் வைத்திருக்கிறோம்" என்றார்.