நெம்முக்கு ஊர் எது?

லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் கூனிமேட்டுச் சாப்பாடு இரண்டு நாள்தான் ருசிக்கும். மூன்றாம் நாள் ஈ.சி.ஆரில் கார் புதுச்சேரிக்குத் திரும்பிவிடும். அங்கே அவர்களுக்குப் பிடித்தது ‘ஏஷியன் ஃப்யூஷன்’ ஓட்டல். நானும் இரண்டு மூன்று முறை கூடப் போயிருக்கிறேன்.

என் வயதுக்காரர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மைதான். வெளிச்சம் போதாது, பாட்டுச் சத்தம் அதிகம், விலையைப் பார்த்தால் பென்ஷன் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. கறிவேப்பிலை தாளித்த நூடுல்ஸை நான் விரும்பித்தான் சாப்பிட்டேன். கலந்தால் கெட்டது என்பவர்கள் நம் தெருமுனைக் கடையின் மஞ்சூரியனை நினைத்துப் பார்க்கட்டும். 1975-இல் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயா சாஸ் சேர்த்துச் செய்தது அது என்று சொல்வார்கள். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் வருத்தம் வேறு. ‘வியட்நாமிஸ் ஸ்ப்ரிங் ரோல்’ என்று மெனுவில் போட்டு, நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியதுபோல் விற்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அது புதிதா என்ன? அதுதானே நம் நெம்!

பிரெஞ்சுக்காரர்கள் 1862-இல் கொச்சின்சீனாவைப் பிடித்த பிறகு, நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி ‘ரெனோன்சான்’ ஆகிப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர்களுக்குச் சைகோனில் அரசாங்க வேலை கிடைத்தது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், முஸ்லிம்கள் துணி வியாபாரம் செய்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. 1954-இல் இந்தோசீனப் போரும் முடிந்தது, புதுச்சேரியும் கைமாறியது. திரும்பி வந்தவர்களில் சிலர் வியட்நாம் மனைவியோடு வந்தார்கள்.

பள்ளியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் சிலர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நெம்தான். கொத்துக்கறி அல்லது இறால், கண்ணாடி சேமியா, காளான், காரட் எல்லாம் கலந்து, நனைத்த அரிசித்தாளில் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். சாலட் இலையில் புதினாவோடு மடித்து, நுவோக் மாமில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தென் வியட்நாமில் இதற்குச் ‘சா யோ’ என்று பெயர்; ‘நெம்’ என்பது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நிலைத்த பெயர்.

அந்த நுவோக் மாம் என்பது நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்கும் சாறு. மரக்காணத்து உப்பும் நம் கடல் நெத்திலியும் சேர்ந்தால் இங்கே கருவாடு, அங்கே நுவோக் மாம். அவ்வளவுதான் வித்தியாசம். நம்மிடமிருந்தும் அங்கே போயிருக்கிறது. சைகோனில் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டுக் கோழிக்குழம்பு வைத்து, பிரெஞ்சு ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அதற்குப் பெயர் ‘கா ரி’. நம் கறிதான்.

ஆகையால் ஓட்டல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெனுவில் ‘நெம்’ என்றே போடுங்கள். ‘சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்களின் பலகாரம்’ என்று கீழே ஒரு வரி சேருங்கள். விலையைக் கூட்டாமலே மதிப்புக் கூடும்.

அதைவிட முக்கியம் நம் வீட்டு வேலை. நெம் சுருட்டத் தெரிந்த கைகள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டன. பல வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், அடுப்படி பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாக்கள் போனால் பக்குவமும் போய்விடும். முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், பதிவேட்டில் ஏறாத விஷயத்துக்குப் பிற்பாடு சாட்சி கிடைக்காது.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெரியம்மாவோ ஆயாவோ இருந்தால், அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். ‘கைப்பிடி’ என்றால் எவ்வளவு, தாளை எவ்வளவு நேரம் நனைப்பது, எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று கேட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சுருட்டுவதற்குச் சின்ன விரல்கள்தான் வசதி.