அப்டேட் போட்டதும் போன் ஹேங் ஆகுதா? அவசர ரிலீஸுக்குப் பின்னால் இருக்கும் காலண்டர் கணக்கு

காலை 8 மணி, தாம்பரம் ஸ்டேஷன். பீச் போகும் எலெக்ட்ரிக் டிரெய்ன் கிளம்பப் போகுது. டிக்கெட் போனில் இருக்கு. ஆனால் ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கினப்போ தானாக அப்டேட் ஆன போன், இப்போ கம்பெனி லோகோவைக் காட்டிட்டு அப்படியே நிக்குது.

சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். ஆனால் ரயில்வே விதிப்படி, செல்போன் டிக்கெட்டைப் பரிசோதகரிடம் காட்ட முடியலைன்னா நீங்க டிக்கெட் இல்லாத பயணி. கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதமும் கட்டணும். இதில் இன்னொரு வேடிக்கை. முன்பதிவில்லா டிக்கெட்டைக் காகிதமே இல்லாமல் செல்போனில் எடுக்கும் வசதி 2015 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கப்பட்டதே நம்ம எழும்பூர் - தாம்பரம் பாதையில்தான். இன்னைக்கு டிக்கெட், டீக்கடை யுபிஐ, ஆபீஸ் ஓடிபி எல்லாமே அந்த ஒரு கருவிக்குள்ளதான் இருக்கு. அது நின்னா நாளே நிக்குது.

இவ்வளவு பெரிய கம்பெனிகள் சோதிக்காமலா வெளியிடுறாங்க?

சோதிக்கிறாங்க. மாதக்கணக்கில் பீட்டா வெர்ஷன் ஓடுது. சிக்கல், தேதியில் இருக்கு.

ஐபோனையே எடுத்துக்கலாம். புது மாடல் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும், ஜிஎஸ்டி ரோட்டில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் ஐபோன் ஆலைகள் இருக்கு. தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு டிரெய்னில் போனால் பரனூரில் இறங்கிடலாம். புது போன் விற்பனைக்கு வரும் முன்பே ஆலை வேலை, விளம்பரம், கடைக்குப் போகும் சரக்கு எல்லாம் நாள் குறிச்சு ஓட ஆரம்பிச்சிடும். அந்த போனை இயக்கும் சாஃப்ட்வேரும் அதே நாளில் ரெடியாகியே ஆகணும். பெட்டி காத்திருக்காது. அதனால் சில வசதிகளை அடுத்த அப்டேட்டுக்குத் தள்ளுவாங்க, சில பிழைகளை 'பிறகு சரி செஞ்சுக்கலாம்' என்று விடுவாங்க. அந்தப் 'பிறகு' வரைக்கும் கஷ்டப்படுறது, பழைய மாடல் வச்சிருக்கிறவங்களும் சேர்த்துத்தான்.

2019-ல் இது வெளிப்படையாகவே தெரிஞ்சது. செப்டம்பர் 19-ல் ஐஓஎஸ் 13 வந்தது. பிழைகள் குறித்த புகார்கள் குவிய, செப்டம்பர் 30-க்கு அறிவிச்சிருந்த 13.1-ஐ ஆப்பிள் 24-ம் தேதியே வெளியிட்டது. அதாவது 5 நாளில் அடுத்த வெர்ஷன். அதற்கும் முன்னாடி, 2014 செப்டம்பரில் வந்த 8.0.1 இன்னும் மோசம். புத்தம் புது ஐபோன் 6-ல் சிக்னலே போச்சு. அதை உடனே திரும்பப் பெற்று, அடுத்த நாளே இன்னொரு அப்டேட் கொடுத்தாங்க.

ஆண்ட்ராய்டில் கதை வேற

இங்கே சங்கிலி நீளம். கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிடும், சிப் கம்பெனி அதைத் தன் சிப்புக்கு ஏற்ப மாத்தும், போன் கம்பெனி அதன் மேல் தன் சட்டையைப் போடும். ஒரே கம்பெனியிடம் டஜன் கணக்கில் மாடல்கள். போதாததுக்கு இப்போ '7 வருஷம் அப்டேட் தருவோம்' என்ற போட்டி வேற. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24-க்கு சாம்சங்கும் அப்படி அறிவிச்சாங்க. வாங்குறவங்களுக்கு நல்லதுதான். ஆனால் சோதிக்க வேண்டிய மாடல்களின் பட்டியல் வருஷா வருஷம் நீளும்.

ஷாவ்மி மி ஏ3 வச்சிருந்தவங்களுக்கு 2021 தொடக்கம் மறந்திருக்காது. ஆண்ட்ராய்டு 11 அப்டேட் போட்ட பல போன்கள் ஆன் ஆகவே இல்லை. கம்பெனி விநியோகத்தை நிறுத்தி, வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரி செஞ்சு தருவதாக அறிவிச்சது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த அப்டேட் உங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு வருவதும் இந்தப் பயத்தால்தான். முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பி, புகார் வருதான்னு பார்ப்பாங்க. அந்தக் கொஞ்சம் பேரில் நீங்களும் ஒருத்தர்னா, சம்பளம் வாங்காத சோதனையாளர் ஆகிட்டீங்கன்னு அர்த்தம்.

ஒரு விஷயத்தை நியாயமாச் சொல்லணும். எல்லாமே பிழை கிடையாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் ஆப்களைப் புதுசா ஒழுங்குபடுத்தும், போட்டோக்களை வகைப்படுத்தும். அதனால் ஒன்றிரண்டு நாள் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் சகஜம். ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால்தான் கவலைப்படணும்.

பழைய வெர்ஷனுக்கே திரும்ப முடியாதா?

என் பார்வையில் பெரிய அநியாயம் இங்கேதான். கடையில் வாங்கின சட்டை அளவு சரியில்லைன்னா மாத்தலாம். அப்டேட்டை மாத்த முடியாது. புதுசு வந்த கொஞ்ச நாளில் பழைய ஐஓஎஸ்-க்கு அனுமதி தருவதை ஆப்பிள் நிறுத்திடும். ஆண்ட்ராய்டிலும் சாதாரண ஆளுக்கு அந்த வழி கிடையாது. முயற்சி செஞ்சால் டேட்டா மொத்தமும் போகும். பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய வெர்ஷனை யாரும் போடக்கூடாது என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம். காரணம் சரி. ஆனால் அதே கம்பெனி கொடுத்த அப்டேட்டால் போன் படுத்தால் யார் பொறுப்பு?

இத்தாலி இந்தக் கேள்வியைக் கேட்டது. 2018 அக்டோபரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அப்டேட் போனை மந்தமாக்கும் என்று சரியாகச் சொல்லலை, பழைய நிலைக்குத் திரும்பவும் வழி தரலை என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தியாவில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு போன் சரியா வேலை செய்யலைன்னு தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் போச்சு. 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி தெரிவித்தார். இதைக் கிளப்பிவிட்டது சாதாரண ஆட்களின் புகார்கள்தான்.

அப்போ அப்டேட் போடலாமா, வேண்டாமா?

மாதாந்திர செக்யூரிட்டி பேட்ச் வந்தால் தள்ளிப் போடாதீங்க. யுபிஐ இருக்கும் போனில் அது பூட்டு மாதிரி. முழு வெர்ஷன் மாறும் பெரிய அப்டேட் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்க, முதல் திருத்தம் வரட்டும். தானாக அப்டேட் ஆகும் வசதியை செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கலாம். பேக்கப் எடுத்துட்டு, சனிக்கிழமை சாயங்காலம் போடுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம்.

போடும் முன்பு இப்போதைய வெர்ஷன் நம்பர், பேட்டரி ஹெல்த் இரண்டையும் இன்னொரு போனில் படம் எடுத்து வச்சுக்கோங்க. புகாருக்கு அதுதான் ஆதாரம். போன் படுத்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்துபூர்வமாக ஜாப் ஷீட் வாங்குங்க. அப்புறம் 1915-க்கு போன் பண்ணலாம். அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். தாம்பரம்வாசிகளுக்கு அது செங்கல்பட்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

அதுவரைக்கும், அப்டேட் போட்ட மறுநாள் காலையில் மட்டும் கவுண்டரில் காகித டிக்கெட் வாங்கிட்டு ஏறிடுங்க.